எட்டு விநாடி

வானொலி நிலையத்தில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. நேரலையில் யாராவது சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டால், ஊர் காதில் விழுவதற்குள் அதை வெட்டி எறிவது அவள் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறாள். யாராவது குத்திக்காட்டினால், "நான் எதையும் சொல்றதில்லப்பா, வெட்டறதோட சரி" என்று சிரித்துவிட்டு டீயை உறிஞ்சுவாள். கொஞ்ச நாளாக அந்தச் சிரிப்பைக் காணோம்.

முன்பெல்லாம் வெட்டுவதற்கு இருந்தது வெறும் கெட்ட வார்த்தைதான். மாதத்துக்கு நாலு குடிகாரர்கள் போன் செய்வார்கள், அவ்வளவுதான். பிறகு சொல் ஒழுங்குச் சட்டம் வந்தது. இனிமேல் யாரும் 'கைது' ஆகக் கூடாது, 'அழைப்பு' தான். 'பட்டினி' கிடையாது, 'உணவு இடைவெளி'. 'காணாமல் போன' என்பதை எந்த இடத்தில், எந்த அர்த்தத்தில், யார் சொன்னாலும் குற்றம். ஒரு மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்குப் பட்டினியாக வரச் சொன்னபோது கத்திரி அதையும் வெட்டினாள். மறுநாள் ஆய்வகத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தார்களாம்.

அவள் வேலை எப்படி என்று இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது பிடிபடாது. உள்ளே பேசுவது அப்படியே வெளியே போகாது. நடுவில் ஒரு இயந்திரம் எட்டு விநாடிப் பேச்சைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் விடும். கத்திரி சிவப்புப் பொத்தானை அமுக்கினால், பிடித்து வைத்த எட்டு விநாடியும் மொத்தமாகக் குப்பைக்குப் போய்விடும். ஆனால் ஒருமுறை அமுக்கினால் கையிருப்பு காலி. அதற்குப் பிறகு பேசுவது பேசிய கணமே வீதிக்குப் போகும். பொத்தானை உடைகிற மாதிரி குத்தினாலும் வெட்டுவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. இயந்திரம் மறுபடி நிரம்ப ஒரு பாட்டு ஓடுகிற நேரம் பிடிக்கும். அதனால் அமுக்கிய கையோடு கத்திரி ஒரு மஞ்சள் அட்டையைக் கண்ணாடியில் தூக்கிக் காட்டுவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தொகுப்பாளர் அதைப் பார்த்ததும், "இப்போது ஓர் இனிய பாடல்" என்பார். பாட்டு முடிவதற்குள் சிவப்பு விளக்கு பச்சைக்கு மாறிவிடும். வானொலியில் சம்பந்தமில்லாமல் பாட்டு வந்தால், யாரோ எதையோ சொல்லிவிட்டார்கள் என்று ஊருக்கே தெரியும்.

நிலையத்துக்கு அமைச்சர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் தங்கை மாடிக்கு வந்தாள். கீழ் வீட்டில் தங்கை குடும்பம், மேலே கத்திரி. அவளுக்கென்று இருந்த சொந்தமும் அவ்வளவுதான். தங்கையின் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். எந்தெந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று பிள்ளைகள் கேட்டதால் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டார் அந்த நல்ல மனுஷர். எழுதினாலும் குற்றம்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் பள்ளி வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. அதோடு சரி. காவல் நிலையத்தில் கேட்டால் தெரியாது என்றார்கள், நீதிமன்றத்தில் கேட்டால் அப்படி ஒருவரை யாரும் கொண்டுவரவில்லை என்றார்கள்.

தங்கை காய்ந்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டே சொன்னாள். "நாளைக்குக் காலையில உங்க நிகழ்ச்சிக்கு அமைச்சர் வர்றாருல்ல? நான் போன் பண்ணப் போறேன்க்கா."

"பண்ணி?"

"எங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லி, எங்க வெச்சிருக்கீங்கன்னு கேக்கப் போறேன். இதே மாதிரி கூட்டிட்டுப் போன அந்த மில் மேஸ்திரி பேரை விளையாட்டு மைதானத்துல மைக்ல கத்தினாங்களே, ரெண்டே நாள்ல ஆளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தாங்க இல்ல? பேரு வெளிய வந்துட்டா அப்புறம் அவங்களால இல்லைன்னு சொல்ல முடியாது."

கத்திரி எழுந்து கதவைச் சாத்தினாள். "உள்ள போனாலும் வெளிய வராதுடி. நான் எதுக்கு அங்க உட்கார்ந்திருக்கேன்?"

"அதான் சொல்ல வந்தேன். நீ அமுக்காதே."

"நான் அமுக்கலைன்னா அடுத்த ஆள் அமுக்குவான். சட்டம் மீறாம பார்த்துக்கன்னு போட்டிருக்கற மொழி அலுவலர் முன்னாலயும் புதுசா ஒரு பொத்தான் வெச்சிருக்காங்க. என் ஒருத்தி கையைக் கட்டிப்போட்டா ஆயிடுமா? உனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு, அதை நினைச்சுப் பாரு."

"அதுங்கதான்க்கா கேக்குதுங்க. அப்பா எங்கேன்னு. என்ன சொல்லட்டும்? உங்க சட்டத்துல அதுக்கு ஒரு வார்த்தை இருந்தா சொல்லு, அதையே சொல்லிடறேன்."

"என் சட்டமா? நானா எழுதினேன்?" என்று கத்திரி சீறினாள். தங்கை அடுத்த துணியை எடுத்து மடித்தாள். மடித்த துணியில் வாத்தியாரின் சட்டை ஒன்றும் இருந்தது. போடாத சட்டையை எதற்குத் துவைத்தாள் என்று கத்திரி கேட்கவில்லை.

காலையில் நிலையமே அமளிதுமளிப்பட்டது. தரைக்கு மெழுகு, கண்ணாடிக்குத் துடைப்பு, வாசலில் துப்பாக்கியோடு நாலு பேர். நிகழ்ச்சிக்குப் பெயர் 'பேசுவோம் வாருங்கள்'. தலைப்பு: பேச்சுக்கு எல்லை வேண்டுமா? புதுச் சட்டம் யார் வாயையும் கட்டவில்லை என்று காட்டத்தான் இந்த ஏற்பாடு. கட்டிய வாயோடு வந்து கட்டவில்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

தொகுப்பாளரை எல்லோரும் வெண்கலம் என்பார்கள். குரல் அப்படி, நெஞ்சு மட்டும் பஞ்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரும் அமைச்சரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் கத்திரியும், அவள் தோளை ஒட்டி மொழி அலுவலரும். அவர் வெளியாள் இல்லை. இதே நாற்காலியில் மாலை நேரத்தில் உட்கார்ந்து, இதே பொத்தானை அமுக்கியவர்தான். ஷிப்ட் மாறும்போது ஒரே டீயை இரண்டு டம்ளரில் பங்கிட்டுக் குடித்திருக்கிறார்கள். சட்டம் வந்ததும் அவருக்குப் பதவி உயர்வு வந்தது, அவளுக்கு அவர் 'சார்' ஆனார். இயந்திரத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அத்தனையும் அவருக்கும் தெரியும். அவரை ஏமாற்றுவது நடக்கிற காரியமில்லை.

"கத்திரி, இன்னிக்கு ஒரு பிசகு வந்தாலும் நம்ம ரெண்டு பேர் கழுத்தும் போயிடும். பார்த்துக்க" என்றார்.

"பார்த்துக்கறேன் சார்."

அமைச்சர் ஆரம்பத்திலேயே தாராளமாக அள்ளிவிட்டார். இன்று யாரும் எதையும் கேட்கலாம், ஓர் அழைப்பையும் துண்டிக்க மாட்டோம், இது என் வாக்கு என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடி வழியாகக் கத்திரியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். எட்டு விநாடி பற்றி அவருக்கும் தெரியும். அந்தத் தெம்பில்தான் அத்தனை தாராளம்.

முதல் அழைப்பு ஒரு தாயிடமிருந்து. தன் மகளைப் பற்றிப் பொய்யும் அசிங்கமுமாக எழுதித் தெருத்தெருவாக ஒட்டினார்கள், அந்தப் பெண் ஆறு மாதம் வெளியே வரவில்லை, அப்போது இந்தச் சட்டம் இருந்திருந்தால் அவள் படிப்பு நின்றிருக்காது என்றாள். அந்தக் குரலில் பொய் இல்லை. கண்டபடி பேசுவதற்கு ஒரு கடிவாளம் வேண்டாமா என்று கத்திரியே எத்தனையோ முறை நினைத்ததுண்டு. ஆனால் அந்த மகளைப் பற்றி எழுதியவனை யாரும் வண்டியில் ஏற்றவில்லை. வாத்தியாரைத்தான் ஏற்றினார்கள்.

அவள் முன்னால் இருந்த சின்னத் திரையில் காத்திருக்கும் அழைப்புகள் தெரிந்தன. இரண்டாவது, பேருந்து நிலையக் குமாஸ்தா, சந்தேகம். மூன்றாவது, இல்லத்தரசி, சட்டத்துக்குப் பாராட்டு. பக்கத்தில் தொலைபேசி எண். அந்த எண்ணை அவள் தூக்கத்திலும் சொல்லுவாள். பாராட்டுவதாகச் சொல்லித் தங்கை உள்ளே நுழைந்துவிட்டாள்.

அமுக்காமல் இருப்பது எளிது, ஆனால் பிரயோசனம் இல்லை. தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல் தயாராக இருக்கிறது. தங்கை வாத்தியார் பெயரைச் சொல்லுவாள், அது குப்பைக்குப் போகும், சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டி வந்து நிற்கும். பிள்ளைகளுக்கு அம்மாவும் இருக்க மாட்டாள்.

இரண்டாவது அழைப்பில் குமாஸ்தா தடுமாறினார். "ஐயா, நான் பஸ் ஸ்டாண்டுல ஒரு கவுண்டர்ல இருக்கேங்க. ஜனங்க விட்டுட்டுப் போற குடை, பை, பல்செட்டு எல்லாம் எங்ககிட்டதான் வரும். கவுண்டர் மேல ஒரு போர்டு இருந்துச்சுங்க. அந்த... இல்லாம போன... அதாவது, வெச்ச இடத்துல இல்லாத பொருட்கள் பிரிவுன்னு. அதை அழிச்சுட்டாங்க. இப்ப என்ன எழுதறதுன்னு தெரியலைங்க. போர்டு காலியா இருக்கறதால ஜனங்க சாப்பாட்டு டோக்கன் கவுண்டர்னு நெனச்சு வந்து நிக்கறாங்க."

வெண்கலம் சிரிப்பை மென்று விழுங்கினார். அமைச்சருக்கோ உற்சாகம் பொங்கிவிட்டது. சாதாரண ஜனங்களோடு சகஜமாகப் பேச ஒரு வாய்ப்பு. "இதுக்கெல்லாம் பயப்படலாமா ஐயா? சட்டம் உங்க குடைக்கு இல்லை. பழையபடி காணாமல் போன பொருட்கள்னே எழுதிக்கோங்க. நானே சொல்றேன்" என்றார்.

கத்திரி பொத்தானை அமுக்கினாள்.

யோசித்து அமுக்கினாளா, பதினோரு வருடப் பழக்கத்தில் விரல் தானாக இறங்கியதா என்று அவளுக்கே அந்தக் கணத்தில் தெரியாது. விளக்கு சிவப்பாக எரிந்ததைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மஞ்சள் அட்டை மேசையில் குப்புறக் கிடந்தது. அவள் அதன் மேல் இடது கையை வைத்தாள். தூக்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு அமைச்சரின் உதவியாளர் ஓடிவந்தார். பக்கத்து அறையில் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தவர். "என்னம்மா பண்ணினே? அமைச்சரையே வெட்டிட்டியா?"

"சொல்லக் கூடாத வார்த்தை சார். எந்த அர்த்தத்தில, யார் சொன்னாலும்னு சட்டத்துல இருக்கு" என்றாள் கத்திரி. குரல் நடுங்கியது நல்லதாகப் போயிற்று, பயந்துவிட்டாள் என்று நினைத்தார்கள்.

உதவியாளர் மொழி அலுவலரைப் பார்த்தார். மொழி அலுவலருக்கு முகத்தில் ஈயாடவில்லை. இருந்தாலும் அவர் படித்துப் படித்துப் பாடம் பண்ணிய சட்டம் அது, விட்டுக்கொடுக்க முடியுமா? திரும்பி நின்று உதவியாளரிடம், "சட்டப்படி அவங்க செஞ்சது சரிதான். அமைச்சர் அதைச் சொல்லிக் கேட்டா நாளைக்கு ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க" என்று விளக்கத் தொடங்கினார். விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெட்டு விழுந்ததே தெரியாது. அவர்கள் கேட்பது அறைக்குள் பேசுவதை மட்டும்தான். வெண்கலம் வழக்கப்படி ஒரு பார்வை பார்த்தார். மஞ்சள் அட்டை இல்லை. எட்டு விநாடியும் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். "அடுத்த நேயர், வணக்கம், சொல்லுங்கம்மா" என்றார்.

"வணக்கம்" என்றது தங்கையின் குரல். பிறகு ஒரே மூச்சில் கொட்டினாள். கணவரின் பெயரைச் சொன்னாள். அவர் அப்பா பெயர், தெரு, பள்ளிக்கூடம், எந்தக் கிழமை எந்த நிற வண்டியில் ஏற்றினார்கள் என்பது வரை சொன்னாள். "அவர் காணாமல் போனவர்ங்க. நான் அப்படித்தான் சொல்லுவேன். எங்க வெச்சிருக்கீங்க?"

மொழி அலுவலர் சரேலென்று திரும்பித் தன் பொத்தானைக் குத்தினார். மறுபடி குத்தினார். மூன்றாவது முறை குத்தப் போன விரல் பாதியில் நின்றது. விளக்கைப் பார்த்துவிட்டார். கத்திரியின் கைக்கு அடியில் இருந்த அட்டையையும் பார்த்தார்.

சத்தத்தையே மொத்தமாக நிறுத்த வழி இருந்தது. ஆனால் அமைச்சர் பேசும்போது வானொலி ஊமையானால் ஆட்சி கவிழ்ந்துவிட்டது என்று ஊரில் கடையைச் சாத்துவார்கள், போன வருடம் அப்படி ஆகி இரண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள். வெண்கலத்தின் காதில் சொல்லி அழைப்பைத் துண்டிக்கலாம். அதற்கான விசை கத்திரியின் வலது முழங்கைக்குக் கீழே இருந்தது.

"கையை எடு" என்றார் அடிக்குரலில்.

அவள் எடுக்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே வெண்கலம் அசடு வழிய அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் அலட்டிக்கொள்ளவே இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மைக் குரலை விட்டுவிட்டுச் சொந்தக் குரலில் பேசினார்.

"ஏம்மா, எதுக்கு இப்படித் தொண்டையைக் கிழிச்சுக்கறே? நீ பேசறது எதுவும் வெளிய போகாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா இருக்காங்க, அவங்க பார்த்துக்குவாங்க. உனக்கும் எனக்கும் மட்டும்தான் இது. உன் வீட்டுக்காரன் வடக்கு முகாம்ல இருக்கான். அவனோட இன்னும் நாப்பது வாத்தியாருங்க இருக்காங்க. சாப்பிடறான், தூங்கறான். நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா வருவான். திறந்தா, வர மாட்டான். புரியுதா?"

அது அத்தனையும் அதே கணத்தில் ஊரெங்கும் போய்க்கொண்டிருந்தது. டாக்சிகளில், மருந்துக் கடைகளில், தறி ஓடுகிற கூடங்களில், காவல் நிலையத்தில், வடக்கு முகாமின் வாசல் அறையில். உதவியாளர் கையில் பிடித்திருந்த குட்டி ரேடியோவிலும் அமைச்சர் குரல் கேட்டது. அவர் அதை ஏதோ பாம்பைப் பிடித்த மாதிரி தூரமாக நீட்டிப் பிடித்திருந்தார்.

மொழி அலுவலர் அவள் கையை முரட்டுத்தனமாக இழுத்துத் தள்ளிவிட்டு விசையை அழுத்தினார். "பாட்டு. பாட்டு போடுய்யா." வெண்கலம் திடுக்கிட்டு, "இப்போது ஓர் இனிய பாடல்" என்றார். பாட்டு ஓடியது. உதவியாளர் கண்ணாடி அறைக்குள் ஓடி அமைச்சரின் காதில் குனிந்தார். அமைச்சரின் முகம் மெல்ல நிறம் மாறுவதைக் கத்திரி பார்த்தாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததில் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

"அட்டையை ஏன் தூக்கல?" என்றார் மொழி அலுவலர்.

"மறந்துட்டேன் சார்."

"என்கிட்ட கூடவா பொய்?"

அவள் குப்புறக் கிடந்த அட்டையை நிமிர்த்தி வைத்தாள்.

"யாரு அந்தப் பொண்ணு?"

"என் தங்கச்சி."

அவர் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பழைய ஷிப்ட்காரராகத் தெரிந்தார். பிறகு, "எழுந்திரு" என்றார். அவள் எழுந்ததும் அந்த நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். காவலாளிகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, விரலைப் பொத்தான் மேல் வைத்தார்.

நிகழ்ச்சியை நிறுத்தலாமா என்று வெண்கலம் கேட்டதற்கு அமைச்சர் முடியாது என்றுவிட்டார். நிறுத்தினால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், நல்லதாக ஓர் அழைப்பை எடு, சிரித்துப் பேசி முடித்துவிடலாம் என்றார். நல்லதாக ஒன்று எடுத்தார்கள். டாக்சி ஓட்டுநர், சாலை வசதிக்கு நன்றி. பாட்டு முடிந்தது. விளக்கு பச்சையாகிவிட்டிருந்தது.

காவலாளிகள் இருவர் வந்து கத்திரியின் இரண்டு பக்கமும் நின்றபோது ஓட்டுநர் பேசத் தொடங்கினார். "வணக்கம்ங்க. நான் டாக்சி ஓட்டறவன். ரோடெல்லாம் நல்லா இருக்குதுங்க. அந்தப் பொண்ணு பேசினதைக் கேட்டேன். என் பையனையும் அப்படித்தாங்க கூட்டிட்டுப் போனாங்க. மெக்கானிக்கா இருந்தான். அவன் பேரு..." பெயரைச் சொன்னார். ஒரு தடவைதான் சொன்னார்.

மொழி அலுவலரின் பின்னந்தலையைத்தான் அவளால் பார்க்க முடிந்தது. அமுக்கினாரா என்று தெரியவில்லை. அதற்குள் காவலாளிகள் அவளைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

தாழ்வாரத்தில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. ஊர் கேட்பதுதான், எட்டு விநாடி பிந்தி, அதில் கேட்கும். "...நான் டாக்சி ஓட்டறவன்" என்று அது இப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தது. கத்திரி நின்றுவிட்டாள். விட்டுவிடு, இந்த ஒன்றை விட்டுவிடு என்று உள்ளே இருப்பவரை மனசுக்குள் கெஞ்சினாள். "ரோடெல்லாம் நல்லா இருக்குதுங்க" என்றது ஒலிபெருக்கி. அடுத்து பாட்டு வந்தது.

பதினோரு வருடத்தில் அவள் ஒரு வெட்டைக்கூட இந்தப் பக்கத்திலிருந்து கேட்டதில்லை. எப்போதும் உள்ளே இருந்தாள், சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்தது, வெளியே என்ன மிஞ்சியது என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. மிஞ்சியது இதுதான். ஒரு மனிதர் சாலையைப் பாராட்டினார், பாட்டு வந்தது. மகன் என்று ஒருவன் பிறக்கவே இல்லை. அவள் அமுக்கிய ஒவ்வொரு தடவையும் வீட்டில் யாரோ இப்படித்தான் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்திருப்பார்கள்.

"நடங்கம்மா" என்றான் ஒரு காவலாளி. அவளைத் தினமும் பார்த்து வணக்கம் சொல்கிறவன்தான்.

கத்திரி அந்தப் பெயரைச் சொன்னாள். முதலில் தனக்கே கேட்காத மாதிரி, பிறகு கொஞ்சம் உரக்க. மெக்கானிக், டாக்சி ஓட்டறவர் பையன், கூட்டிட்டுப் போயிட்டாங்க, காணாமல் போனவர். காவலாளி அவள் கையை இறுக்கினான். "பேசாம வாங்கம்மா, எங்களுக்கும் குடும்பம் இருக்கு." அவள் மாடிப்படியில் இறங்கிக்கொண்டே மறுபடி சொன்னாள். கூடவே வாத்தியார் பெயரையும் சேர்த்துக்கொண்டாள். பொதுவில் பேசிப் பழகாத குரல், கரகரவென்று இருந்தது.

கீழே வரவேற்பறையில் யார் யாரையோ பார்க்க வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஓர் ஓரத்தில் இருந்த பெண் மட்டும் கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"சரியாக் கேக்கலம்மா" என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

கத்திரி சொன்னாள்.